ஆறு லிட்டர் மரியாதை

மரியாதையின் விலை எண்பத்தெட்டாயிரம் மலேசிய வெள்ளி. ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் தனி.

விலை கூடுதல் என்று தோன்றலாம். ஆனால் மலாக்காவில் மரியாதையை யாரும் கடை போட்டு விற்பதில்லை. எங்கேயாவது செகண்ட் ஹேண்டில் வந்தால்தான் உண்டு. ரங்கசாமிக்கு அது தஞ்சோங் கிளிங்கில், ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் விஜயரட்ணத்தின் வீட்டுப் போர்ட்டிகோவில், பழுப்புத் துணி போர்த்தியபடி காத்துக்கொண்டிருந்தது.

விண்டர்பர்ன் ஜிடி. இங்கிலாந்துச் சரக்கு. கருநீலம், இரண்டே கதவு, பன்னிரண்டு சிலிண்டர், ஆறு லிட்டர் எஞ்சின். புதிதில் பத்து லட்சத்துக்கு மேல் போனது. இப்போது வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. காலையில் ஒரு நாட்டில் புறப்பட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னொரு நாட்டில் இறங்குகிறவர்களுக்காகச் செய்த வண்டி. விஜயரட்ணம் அதை மீன் வாங்கவும் சர்ச்சுக்குப் போகவும் வைத்திருந்தார்.

ரங்கசாமி பட்டணத்தில் கோயில் பக்கத்து அஞ்சடி நடைபாதையில் பூக்கடை வைத்திருப்பவர். கேமரன் மலையிலிருந்து சாமந்தி ஏற்றி வருகிற லோரிக்காரனிடம் கிலோவுக்குப் பத்துக் காசு குறைக்க அரை மணி நேரம் நின்று பேசுவார். படியவில்லையென்றால் "வேணாம், கொண்டு போ" என்று திரும்பி நடப்பார். மூன்று கடை தாண்டுவதற்குள் லோரிக்காரனே கூப்பிடுவான். அந்த நடைக்குப் பாசார்ச் சந்தையில் பெயரே உண்டு.

விஜயரட்ணம் வீட்டுக்கு இருபது வருடமாக மாலை கொண்டு போகிறார். கிறிஸ்துவ வீடுதான், ஆனால் கல்யாணம், சாவு, பள்ளிக்கூட விழா என்று அவருக்கு மாலை வேண்டியிருந்தது. பின்கட்டு வழியாகப் போய், வாளியில் வைத்துவிட்டு, வேலைக்காரப் பெண் நீட்டும் காசை வெளியே வந்து எண்ணிக்கொள்வது வழக்கம். அன்றைக்கும் பின்கட்டில்தான் நின்றார்.

"காடியை விக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன் ஐயா."

"ஓம். முழங்கால் ஏலாது. அதுக்குள்ள இறங்கி ஏறுறது கிணத்துக்குள்ள இறங்கி ஏறுற மாதிரிக் கிடக்கு. ஏன், ஆரும் ஆள் இருக்கோ?"

"நான்தான் ஐயா."

விஜயரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நீரோ? வெளியில நிண்டு கதைக்காதையும். உள்ளுக்கு வாரும்."

வியாபாரம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. மீதி எல்லாம் சடங்கு. முன்கூடத்துச் சோபா, தட்டோடு வந்த காப்பிக் கோப்பை, சுவரில் லண்டனில் எடுத்த படம். "எண்பத்தெட்டு," என்றார் விஜயரட்ணம். ரங்கசாமியின் நாக்கு நுனியில் 'நாற்பது' தயாராக நின்றது. ஆனால் நாற்பது என்று சொன்னால் அவர் எழுபத்தைந்து என்பார். இவர் எழுந்து நடக்க வேண்டும். இந்தச் சோபாவிலிருந்து எழுந்து நடந்தால் கால் நேராகப் பின்கட்டுக்குத்தான் போகும்.

"சரிங்க ஐயா," என்றார்.

விஜயரட்ணத்துக்குக் காப்பி புரையேறியது. வருடா வருடம் பதினைந்தாயிரத்துக்கு மேல் ரோட் டேக்ஸ் கட்டிச் சலித்து, நாற்பத்தைந்துக்குத் தள்ளிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்த மனுஷன் அவர்.

பணத்துக்கு நல்லமுத்து. மளிகைக் கடையும், பக்கத்திலேயே லைசென்ஸ் வாங்கிய வட்டிக் கடையும் நடத்துகிறவர். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தும்மாமல் பேசக்கூடிய ஒரே ஆள்.

"எதை வச்சுக் கேக்குற?"

"கடைய வச்சுத்தான் அண்ணே."

"கட்டடம் சீனத் தவ்கே மொதலாளியோடது. ஒன்னோடது என்ன இருக்கு?"

"பேரு இருக்கு, எடம் இருக்கு, குளிர்ப்பெட்டி இருக்கு. கோயில் ஆர்டர் இருக்கு. முப்பது வருஷ வாடிக்கை இருக்கு."

"எல்லாம் சேத்து எழுபதாயிரம் பெறும். மிச்சம் பதினெட்டுக்கு?"

"என் மூஞ்சிய நம்புங்க."

நல்லமுத்து அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பதினெட்டு ஜாஸ்திதான். பரவால்ல, பழகிட்டோம்." ஒரு வருடத் தவணை, நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. வருடம் முடிந்து முதலும் வட்டியும் வராவிட்டால் கடை எழுபதாயிரத்துக்கு நல்லமுத்துவின் பெயருக்கு மாறும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு தேத்தாரே, இழுத்து ஆற்றின டீ, குடித்து, வடையில் பாதியை விட்டுக்கொடுத்துக்கொண்டு பிரிந்தார்கள்.

ரங்கசாமியின் கணக்கு கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வருடத்தில் நூறு கல்யாணத்துக்கு அவர் கடை மாலை போகிறது. அதில் பாதிப் பேர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விண்டர்பர்ன் எடுத்தால் கூட, ஒரு கல்யாணத்துக்கு ஆயிரத்தைந்நூறு வீதம் எழுபத்தைந்தாயிரம். இரண்டாம் வருடம் முழுக்க லாபம்.

"கடை போச்சுன்னா நாம எங்கங்க நிப்போம்?" என்று கேட்டாள் மனைவி மீனம்மா. பாயா ரும்புட்டில் அவர்கள் இருப்பது வாடகை வீடு. கடையில் உட்கார்ந்து மாலை கட்டுவது அவள். ரங்கசாமி விற்பார், பேசுவார்.

"நீ பூவக் கட்டு. கணக்க நான் பாத்துக்குறேன்."

"அந்த நடைய அந்த வீட்டுல நடந்தீங்களா?"

"பெரிய மனுசன் வீட்டுல அப்டிலாம் நடக்க முடியாது மீனா."

"அப்ப கணக்க நான் பாத்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் நூலைக் கடித்தாள்.

ஆனாலும் வண்டி கோயில் வாசலில் வந்து நின்றபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. ஐயர் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏற்றி நசுக்கியபோது பழத்தோடு வண்டியும் முன்பக்கம் இடது புறமாய் ஒரு விரற்கடை இறங்கியது. பழம் நசுங்கின சந்தோஷத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

மீனம்மாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மற்ற காடிகளில் மாலை மாட்ட ஏதாவது கொக்கி, கம்பி இருக்கும். இது வழவழவென்று, பிடிக்க இடமில்லாத உடம்பு. தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்: முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில், நீளமாக ஒரு கறுப்புச் சல்லடை. அதில் மாலையின் நூலைச் செருகினால் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் புதுச்சரம் போட்டாள். பழையதை என்ன செய்வது? சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில் எறியக்கூடாது, கால் படுகிற இடத்தில் போடக்கூடாது. செடியடியில் போடலாம்; வாடகை வீட்டில் செடி இல்லை, சிமெண்டுத் தரை. அந்தச் சல்லடையின் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி. வாடின சரத்தை அதற்குள் மெதுவாகத் தள்ளிவிட்டாள். வண்டிக்குள்ளேயே, கால் படாத இடத்தில், சாமி பூ. அவள் மனசுக்கு அது நிறைவாக இருந்தது. அவளைப் பார்த்து ரங்கசாமிக்கும்.

மரியாதை உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. மண்டபத்துக் காவல்காரர், போன மாதம் வரை "பூக்காரரே, பின்னால போ" என்றவர், ஓடி வந்து கேட்டைத் திறந்தார். கோயில் தலைவர் கூட்டத்தில் முன் நாற்காலி காட்டினார். பெட்ரோல் பங்கில் அறிமுகமில்லாத மலாய்ப் பையன்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். ரங்கசாமி சட்டையை உள்ளே விட ஆரம்பித்தார்.

முதல் மூன்று கல்யாணம் ஒழுங்காக நடந்தது. நான்காவது கல்யாணத்தன்று விடிந்ததும் வெளியே வந்து பார்த்தால், விண்டர்பர்ன் முன்னங்காலை மடக்கிப் படுத்த எருமை மாதிரி ஒரு பக்கமாய் உட்கார்ந்திருந்தது.

சுங்கை ஊடாங்கில் யுவனேஸ்வரனின் பட்டறை. எண்ணெய் ஆலையில் மீட்டர் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, வெள்ளைக்காரக் காடிகளுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவன். அவன் கையில் கட்டியிருந்த கடிகாரமே ரங்கசாமிக்கு விலை சொல்லிவிட்டது.

"அண்ணே, இதுக்கு ஸ்பிரிங் கெடையாது. நாலு மூலையிலயும் காத்துப் பை. ஒண்ணு ஓட்டை."

"டியூப் மாதிரி ஒட்டிரலாமா?"

"ஒட்டலாம்லா. ஒங்க உசுரு மேல ஆச இல்லன்னா." சிரித்தான். "பையி அஞ்சாயிரத்துக்கு எரநூறு கம்மி. மொதல்ல கம்ப்யூட்டர் சொருகிப் பாக்கணும், அது முந்நூறு."

"சொருகாம சொல்லுப்பா."

"சொருகாம சொன்னா ஐநூறு. அது என் அனுபவம்."

ரங்கசாமி எழுந்து தன்னுடைய நடையை நடந்தார். பட்டறை வாசல் வரை போனார். யாரும் கூப்பிடவில்லை. ஒருபக்கம் சாய்ந்து கிடக்கும் வண்டியை விட்டுவிட்டு எங்கே நடப்பது? அவரே திரும்பி வந்தார். அதற்கப்புறம் யுவனேஸ்வரனிடம் அவர் நடக்கவில்லை, உட்கார்ந்தபடியே கெஞ்சினார். முந்நூறு இருநூற்றைம்பது ஆனது.

பை மாற்றிய மறுமாதம் பைக்குக் காற்று அடிக்கும் பம்பு போனது. ஓட்டைப் பைக்கு இத்தனை நாள் மூச்சு வாங்கி அடித்து அதற்கு நெஞ்சு வெடித்துவிட்டதாம், மூவாயிரம். பிறகு பேட்டரி. ஒன்று இல்லை, இரண்டு. "ஒண்ணு ஸ்டார்ட் பண்ண, இன்னொண்ணு மத்ததுக்கெல்லாம்," என்றான் யுவனேஸ்வரன். "மத்ததுன்னா?" "சீட்டு அசைய, கண்ணாடி மடங்க, டிக்கி தானா மூட." "டிக்கிய நான் கையால மூடிக்குறேன் தம்பி." "அது ஒத்துக்காதுண்ணே." டயர் ஒன்று ஆயிரத்து நானூறு. ரோட் டேக்ஸ் ஆறு மாதத்துக்கு ஏழாயிரத்தெண்ணூறு. ஒரு கல்யாணத்தில் வந்தது அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் போனது. ஐம்பது கல்யாணம் என்று போட்ட கணக்கு, வருடத்தில் பத்து மாதம் ஓடின பிறகும் பதினொன்றில் நின்றது. ரெண்டு கதவு வண்டியில் பட்டுச்சேலையும் ஆளுயர மாலையுமாகப் பெண்ணைப் பின்சீட்டுக்குள் செருக முடியாது என்பது முதலிலேயே யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே மாப்பிள்ளை மட்டும், முன்சீட்டில், டிரைவர் ரங்கசாமிக்குப் பக்கத்தில்.

பன்னிரண்டாவது மாப்பிள்ளை கோகுலராஜ். ஐப்பசி மாதம், ஒரு வாரமாய் விடாத மழை. கோகுலராஜ் ஏறி உட்கார்ந்ததும், "அங்கிள், கீழ தண்ணியா இருக்கு," என்றான். ரங்கசாமி எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் புதுச் செருப்பைச் சுற்றிக் கம்பளத்தில் தண்ணீர் நுரைத்தது.

"ஏர்கோண்ட் தண்ணி தம்பி. கால மேல வச்சுக்குங்க."

மண்டப வாசலில் நாதஸ்வரமும் உறுமியும் ஒன்றையொன்று அமுக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. ரங்கசாமி வண்டியை நிறுத்தினார். எஞ்சின் அணைந்தது. பிறகு, யாரும் தொடாமலே, இரண்டு தடவை 'டக்'கென்று பூட்டு விழுந்தது. கதவைத் திறந்தார், திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கினார், இறங்கவில்லை. வைப்பர் ஆட ஆரம்பித்தது. கோகுலராஜின் இருக்கை, அவனை உட்கார வைத்தபடியே மெல்ல முன்னால் நகர்ந்து, அவன் முழங்காலை டேஷ்போர்டோடு சேர்த்து அமுக்கியது. கடைசியாக ஹாரன், நிறுத்தாமல்.

"அங்கிள்! என்னா அங்கிள் இது!"

"இருங்க தம்பி, யோசிக்குது."

"யாரு?"

"காடி."

வெளியே பெண்வீட்டார் முதலில் ஹாரனை வாழ்த்து என்று நினைத்துக் கைதட்டினார்கள். மாப்பிள்ளை கண்ணாடியைக் குத்துவதைப் பார்த்த பிறகு தட்டுவதை நிறுத்திக் கைபேசியை எடுத்தார்கள். ஏர்கோண்ட் இல்லை. உள்ளே வேர்த்துக் கொட்டி, மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் மூக்கு வழியாக இறங்கியது. முகூர்த்தத்துக்குக் கால் மணி இருந்தபோது பொம்பா வண்டி வந்தது. தீயணைப்புக்காரர் ஒருவர் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினார், உடையவில்லை. இரட்டைக் கண்ணாடி. மூன்றாம் தட்டில் உடைந்தது. கோகுலராஜை ஜன்னல் வழியாக, தலை முதலில், வேட்டி கடைசியில், வெளியே இழுத்தார்கள். எப்படியோ நேரத்துக்குத் தாலி கட்டியாகிவிட்டது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி மலாக்காவில் எல்லார் கைபேசியிலும் இருந்தது, உறுமி சத்தத்தோடு. மறுநாள் காலையிலேயே முன்பதிவு செய்திருந்த ஏழு பேரும் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

இனி ஒரே வழி, நல்லமுத்துவின் தவணைக்குள் வண்டியை விற்பது. சிரம்பானில் ஒருவர், பழைய காடி சேர்க்கும் பைத்தியம், ஓடுகிற நிலையில் இருந்தால் எழுபத்தைந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தார். எழுபத்தைந்து வந்தால் கடை தப்பும். மீதியை எப்படியாவது புரட்டலாம். ஓடுகிற நிலைதான் வேண்டும்.

யுவனேஸ்வரன் கம்பளத்தைத் தூக்கினான். அடியில், பயணி கால் வைக்கும் இடத்தில், தண்ணீரில் ஊறிக் கிடந்தது ஒரு கறுப்புப் பெட்டி.

"இதுதான் மூளை. கதவு, கண்ணாடி, சீட்டு, பூட்டு எல்லாம் இது சொல்றபடிதான்."

"மூளையக் கொண்டு போய்க் காலுக்கடியிலயா வைப்பான்?"

"இங்கிலீஷ்காரன்ட்ட கேளுங்க. அங்கன தண்ணி வர வழியில்ல. கண்ணாடியில விழற மழ ரெண்டு ஓட்டை வழியா வெளிய போயிரும். அந்த ஓட்டை அடச்சாத்தான் உள்ள வரும்." அவன் வைப்பர் சல்லடையைக் கழற்றி, இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தான். கறுத்து, அழுகி, மண்ணும் நாருமாக உள்ளங்கையளவு உருண்டை ஒன்று வந்தது. இன்னொன்று. அதற்குப் பின்னால் தண்ணீர் 'கொளக்'கென்று இறங்கியது.

ரங்கசாமிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் பூ விற்றவருக்கு அழுகின சாமந்தி தெரியாதா?

"பூ மாதிரி இருக்குண்ணே. யாரு இதுக்குள்ள பூவப் போட்டா?"

ரங்கசாமி வெளியே பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கோடு மீனம்மா கிராப் வாடகைக் காடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அது எலிக்கூடு."

"எலியா? எலி எப்டிண்ணே..."

"எலின்னு சொல்லு. புதுப் பெட்டிக்கு என்ன கேட்ட?"

"புதுசு இருவத்தேழு. பழச ஒண்ணு கோலாலம்பூர்ல பழைய காடிய வெட்டி உதிரியா விக்கிற கடையில புடிச்சிரலாம். கூலி, கண்ணாடி எல்லாம் சேத்து ஆறாயிரத்தைந்நூறு."

"சரி."

யுவனேஸ்வரன் நிமிர்ந்தான். ரங்கசாமி பேரம் பேசாமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

மீனம்மா உள்ளே வந்தாள். தூக்கை மேசை மேல் வைத்துவிட்டு, தட்டில் கிடந்த உருண்டையைக் குனிந்து பார்த்தாள்.

"என்ன இது?"

"எலிக்கூடுக்கா," என்றான் யுவனேஸ்வரன். "தண்ணி போற ஓட்டைய அடச்சிருச்சு. அதான் எல்லாம் போச்சு."

அவள் சுண்டுவிரலால் உருண்டையைப் பிரித்தாள். அழுக்குக்குள்ளிருந்து ஒரு நூல் வந்தது. இரண்டு சுற்று, ஓர் இறுக்கு, மறுபடி இரண்டு சுற்று. பூ அழுகிப் போயிருந்தது, கட்டு அவிழவில்லை.

"எலி நல்லாத்தான் முடிச்சுப் போட்டிருக்கு," என்றாள்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். ரசம் மட்டும் கூட ஊற்றினாள்.

பழைய பெட்டி தவணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்தது. யுவனேஸ்வரன் இரண்டு நாள் மடிக்கணினியோடு உட்கார்ந்து அதற்குப் புத்தி சொன்னான். வண்டி உயிர் பிடித்தது. கதவு திறந்தது, கண்ணாடி இறங்கியது, சீட்டு சொன்ன பேச்சுக் கேட்டது. சிரம்பான்காரர் மறுநாளே வந்தார். ரங்கசாமி அவரை உட்கார வைத்து, தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலையில் ஓட்டிக் காட்டினார். எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. மீன்கடைகள், ஹோட்டல்கள், தென்னைகள் எல்லாம் மரியாதையாய் ஒதுங்கி வழிவிட்டன. சிரம்பான்காரர் தோல் இருக்கையைத் தடவிக்கொண்டே, "எழுவத்தஞ்சு சொன்னேன். எழுவத்திரண்டுன்னு வச்சுக்குவோமா?" என்றார். ரங்கசாமிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பேரம் பேசுகிறவன் வாங்குகிறவன். "எழுபத்துநாலு," என்றார் சந்தோஷமாக.

எழுபத்துமூன்றில் படிந்து கை கொடுக்கப்போன நேரத்தில் முன்னால் வெள்ளையாக ஆவி கிளம்பியது.

விஜயரட்ணத்தின் வீடு அங்கிருந்து நூறு அடிதான். ஆவியோடு அந்தக் கேட்டுக்கு முன்னாலேயே நின்றது வண்டி. யுவனேஸ்வரன் வந்து, அடியில் படுத்து, எழுந்து, கைகளைத் துடைத்தான்.

"எஞ்சினுக்குப் பின்னால ஒரு தண்ணிக் குழாய் வெடிச்சிருச்சு."

"குழாய் எவ்ளோப்பா?"

"குழாய் நூத்துத் தொண்ணூறு."

ரங்கசாமி மூச்சு விட்டார்.

"ஆனா அங்க கை போகாது. எஞ்சினையே கழட்டி எறக்கணும். எறக்கினா பின்னால இருக்குற மத்ததையும் மாத்தாம ஏத்துறது முட்டாத்தனம். பதினெட்டாயிரம். மூணு வாரம்."

சிரம்பான்காரர் ஏற்கெனவே கைபேசியில் கிராப் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விஜயரட்ணம் கைத்தடியோடு கேட்டுக்கு வந்தார். "என்ன ரங்கசாமி, வெயிலுக்குள்ள நிக்கிறீர்? உள்ளுக்கு வாருமன்."

ரங்கசாமி உள்ளே போனார். அதே சோபா. கேட்டும் பார்த்தார்: பாதி விலைக்காவது எடுத்துக்கொள்ள முடியுமா, நாற்பதுக்கு, முப்பதுக்கு. அன்று பேசாத பேரத்தையெல்லாம் இன்று ஒற்றை ஆளாய்ப் பேசினார். தன் விலையைத் தானே இறக்கிக்கொண்டே போனார். விஜயரட்ணம் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"உமக்கு நான் பொய் சொல்லேல்லை ரங்கசாமி. நீர் ஒண்டும் கேக்கேல்லை, நான் ஒண்டும் சொல்லேல்லை. கேட்டிருந்தா அந்தத் தண்ணிக் குழாயையும் சொல்லியிருப்பன். எனக்கு மெக்கானிக் போன வருஷமே சொன்னவன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "காப்பி குடியும். ஆறுது," என்றார்.

காப்பி நன்றாகவே இருந்தது. குடித்தார்.

காடி வெட்டும் கடைக்காரன் லோரியோடு வந்து இருபத்தோராயிரம் கொடுத்தான். கதவு தனி, இருக்கை தனி, அந்தப் பழைய பெட்டியும் தனியாக விலை போகும் என்று சொல்லிக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார் ரங்கசாமி. "அங்கிள், அது எங்க கடையில வாங்குன பெட்டிதான்லா," என்றான் அவன்.

தவணை நாளில் புருஷனும் பெண்டாட்டியும் நல்லமுத்துவின் கடைக்குப் போனார்கள். ரங்கசாமி மூட்டை மேல் உட்கார்ந்தார். மீனம்மா நின்றாள். நல்லமுத்து கால்குலேட்டரை எடுத்து, தூசியை ஊதினார்.

"வருத்தந்தான் ரங்கசாமி. ஆனா எழுதினது எழுதினதுதான்."

"தெரியும் அண்ணே. ஆறு மாசம் பொறுத்தா..."

"பொறுத்தா எதுலருந்து வரும்? நீயே சொல்லு, நான் பொறுக்குறேன்."

ரங்கசாமி மூட்டையின் சணல் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பாசாரில் அவரைத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். மீனம்மாதான் முன்னால் வந்தாள்.

"கடைய எடுத்துக்கிட்டா யாரு மாலை கட்டுவா அண்ணே? ஒங்களுக்கு வெங்காயத்துக்கும் சாமந்திக்கும் வித்தியாசம் தெரியுமா?"

நல்லமுத்து சிரித்துவிட்டார். "நீயே கட்டு தங்கச்சி. சம்பளம் ஆயிரத்தெழுநூறு. அதுல மாசம் ஐநூறு கடனுக்குப் புடிச்சுக்குறேன்."

"ரெண்டாயிரம் குடுங்க."

"ஆயிரத்தெண்ணூறு."

"மிச்சக் கடனுக்கு வட்டி போடக்கூடாது."

"சரி, போடல."

"இவரு?"

நல்லமுத்து ரங்கசாமியைப் பார்த்தார். ரங்கசாமி மிளகாய் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடையில உக்காரட்டும். ஆனா விலை நான்தான் சொல்லுவேன்."

அவள் தலையாட்டினாள். அவர் பொத்தான்களை அழுத்த ஆரம்பித்தார். அவள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள்.

"முதல் எண்பத்தெட்டாயிரம். வட்டி பத்தாயிரத்தைந்நூத்தறுபது. ஆக தொண்ணூத்தெட்டாயிரத்தைந்நூத்தறுபது. காடி வித்தது இருபத்தொண்ணு. அதுல யுவனேஸ்வரனுக்குப் போனது ஆறாயிரத்தைந்நூறு. எனக்கு வந்தது பதினாலாயிரத்தைந்நூறு. கழிச்சா எண்பத்துநாலாயிரத்தறுபது. கடை எழுபதாயிரம். கழிச்சா பதினாலாயிரத்தறுபது."

"அறுபதத் தள்ளுங்க அண்ணே."

"தள்ளிட்டேன். பாக்கி பதினாலாயிரம். மாசம் ஐநூறு வீதம் இருபத்தெட்டு மாசம்."